ஊரே அறிந்த பெயரை நீதிமன்றம் எதற்கு மறைக்கிறது?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 8

இங்கிலாந்தில் பிரபலங்கள் நீதிமன்றத்துக்குப் போய், தங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்று தடையாணை வாங்குகிறார்கள். அடுத்த மாதமே ட்விட்டரில் அந்தப் பெயர் ஓடுகிறது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? இணையம் வந்த பிறகு இந்த உத்தரவெல்லாம் பணக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் வெறும் காகிதம். யாராவது மறுக்க முடியுமா?

பிப்ரவரி 8, இரவு 10.15

மறுக்க வரவில்லை. இந்தக் கூத்தை 2011-ல் உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் உங்கள் பக்கம்தான் பேசுவேன். அப்போது இங்கிலாந்தில் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையின் இணையதளத்தில் வார இறுதி இரவுகளில் பின்னூட்டங்களை மட்டுறுத்தும் வேலை எனக்கு. கால்பந்துப் பகுதி என் தலையில். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் ரயன் கிக்ஸ், ஒரு பெண்ணோடு தனக்கிருந்த உறவு பற்றிய செய்தியில் தன் பெயர் வராதபடி சூப்பர் இன்ஜங்ஷன் என்ற தடையாணை வாங்கியிருந்த நேரம் அது. பெயரைத் தைரியமாகவே எழுதுகிறேன். 2012 பிப்ரவரியில் அவரே நீதிமன்றத்தில் மறைப்பை விட்டுக்கொடுத்துவிட்டார்.

2011 ஏப்ரல் 14 அன்று நீதிபதி ஈடி தடை கொடுத்தார். மே மாதம் ட்விட்டரில் ஒரு கணக்கு முளைத்து, யார் யார் எதற்காகத் தடை வாங்கியிருக்கிறார்கள் என்று வரிசையாகப் போட்டது. அவ்வளவுதான். காகிதம் என்பதில் எனக்கு அன்று சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 8, இரவு 11.40

தூக்கம் வரவில்லை, அந்த இரவைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

மேலிடத்திலிருந்து எங்களுக்கு வந்த மின்னஞ்சல் இரண்டே வரி. அந்த விவகாரம் தொடர்பான எந்தப் பின்னூட்டமும் வெளிவரக் கூடாது. சந்தேகம் இருந்தால் நீக்கிவிடவும். எந்த விவகாரம், யாருடைய விவகாரம் என்று அதில் இல்லை. பெயரை எழுதினால் அந்த மின்னஞ்சலே வம்பில் மாட்டும் என்று பயந்திருப்பார்கள். ஆக, எந்தப் பெயரை நீக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள நான் ட்விட்டருக்குப் போக வேண்டியிருந்தது. நீதிமன்றத்தை மதிப்பதற்காக நீதிமன்றம் மறைத்ததைத் தேடிப் பிடித்த புண்ணியவான் நான்.

தெரிந்த பிறகு அடுத்த தலைவலி. பெயரை ஃபில்டரில் போட்டேன். அன்று மே 22, பிரீமியர் லீக் பருவத்தின் கடைசி நாள். மான்செஸ்டர் யுனைடெட் 4-2 என்று வென்று பிளாக்பூலைக் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பியிருந்தது. அடுத்த சனிக்கிழமை வெம்பிளியில் பார்சிலோனாவுடன் ஐரோப்பிய இறுதிப் போட்டி. அந்த அணியைப் பற்றி எழுதுகிறவன் கிக்ஸ் பெயரைச் சொல்லாமல் எப்படி எழுதுவான்? கொஞ்ச நேரத்தில் பின்னூட்டங்கள் வரிசை கட்டி நின்றன. அவரை இறக்கலாமா, வயதாகிவிட்டதே, இடது பக்கம் யார் என்று ஒரு பாவமும் அறியாத கேள்விகள் எல்லாம் என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தன.

ஒரு வாசகர் கெட்டிக்காரர். ஒவ்வொரு வீரராகத் தனித்தனிப் பின்னூட்டம் போட்டுப் பார்த்தார். பத்துப் பெயரும் உடனே வெளியாயின. பதினோராவது நின்றது. "நன்றி, புரிந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஃபில்டரை எடுத்துவிட்டு, விடிய விடிய ஒவ்வொன்றையும் கண்ணால் படித்தேன்.

பிப்ரவரி 9, காலை 7.30

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. கிக்ஸ் வாங்கியது சூப்பர் இன்ஜங்ஷன் இல்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவருடையது சாதாரண பெயர் மறைப்புத் தடை. ஒரு கால்பந்து வீரர் தடை வாங்கியிருக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதலாம். யார் என்று மட்டும் எழுதக் கூடாது. சூப்பர் என்றால், தடை என்று ஒன்று இருப்பதையே சொல்லக் கூடாது.

அந்த வகையில் பேர்போனது டிராஃபிகுரா என்ற எண்ணெய் வணிக நிறுவனத்தின் 2009 வழக்கு. ஐவரி கோஸ்ட்டில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவு பற்றிய ஓர் அறிக்கையை கார்டியன் பத்திரிகை வெளியிட முடியாதபடி தடை. தடை இருப்பதும் ரகசியம். அக்டோபரில் ஒரு எம்.பி. நாடாளுமன்றத்தில் இது பற்றிக் கேள்வி கொடுத்தார். நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, என்ன கேள்வி என்று எழுத எங்களுக்கு அனுமதியில்லை என்று கார்டியன் செய்தி போட்டது. ட்விட்டர் மக்கள் அன்றிரவே கேள்வித்தாளைத் தோண்டி எடுத்தார்கள். மறுநாள் மதியத்துக்குள் வக்கீல்கள் பின்வாங்கினார்கள்.

இப்படிப்பட்ட சூப்பர் தடைகள் மூலைக்கு மூலை இருப்பதாகத்தான் அன்று பேச்சு. இந்தத் தடைகளை ஆராய்ந்த நீதிபதி நியூபெர்கர் குழுவின் அறிக்கை 2011 மே 20 அன்று வந்தது. அதுவோ, 2010 ஜனவரிக்குப் பிறகு தங்களுக்குத் தெரிந்து இரண்டே இரண்டுதான் என்றது. ஒன்று மேல்முறையீட்டில் விழுந்தது, இன்னொன்று ஏழு நாள் இருந்தது. இரண்டை வைத்துக்கொண்டு ஒரு நாடே இரண்டு மாதம் பேசியிருக்கிறது.

பிப்ரவரி 9, மதியம் 1.05

வழக்குகளில் பெயருக்குப் பதில் போடும் எழுத்துகளைப் பற்றி ஒருவர் கேட்டார். சி.டி.பி., எல்.என்.எஸ்., இ.டி.கே. இவை பெயரின் முதலெழுத்துகள் என்று நினைத்துத் துப்பறிய வேண்டாம், சும்மா போட்டவை. நம் கிசுகிசுப் பத்திகளில் வரும் "மூன்றெழுத்து நடிகர்" பரவாயில்லை, அதில் ஒரு துப்பாவது இருக்கும்.

பிப்ரவரி 12, இரவு 9.20

மேலே ஒருவர், "அப்படியானால் நீதிபதிகளுக்கு இது புரியவே இல்லையா?" என்று கேட்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பழையதைத் திரும்பப் படித்ததில் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டேன்.

2011 மே 22, 23 இரண்டு நாளும் எப்படிப் போயின என்று பாருங்கள். ஞாயிறு காலை ஸ்காட்லாந்தின் சண்டே ஹெரால்ட் முதல் பக்கம் முழுக்க கிக்ஸ் முகத்தைப் போட்டது. கண்ணின் மேல் கறுப்புப் பட்டை, அதில் "தணிக்கை" என்ற சொல். இங்கிலாந்து நீதிமன்றத்தின் தடை ஸ்காட்லாந்தில் செல்லாது, அங்கே தனியாக வாங்க வேண்டும், வாங்கவில்லை. திங்கள் காலை பிரதமர் கேமரன் தொலைக்காட்சியில், எல்லோரையும் போல எனக்கும் யார் என்று தெரியும் என்றார். அன்று பிற்பகல் தடையை நீக்கச் சொல்லி சன் பத்திரிகை கேட்டது, ஈடி மறுத்தார். சற்று நேரத்தில் ஜான் ஹெம்மிங் எம்.பி. மக்களவையில் எழுந்து பெயரைச் சொல்லிவிட்டார். 1689-ன் உரிமை மசோதாப்படி அவையில் பேசியதற்காக எம்.பி.யை எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. தொலைக்காட்சிகள் உடனே பெயரோடு செய்தி போட்டன. பத்திரிகை மறுபடி ஓடியது, இந்த முறை நீதிபதி டூகன்ட்ஹாட்டிடம். அவரும் மறுத்தார்!

அந்த மறுப்பைக் கேட்டு அன்று எங்கள் அறையே சிரித்தது. மாடு வெளியே போன பிறகு கொட்டிலைப் பூட்டுகிறார் பார் என்றேன் நான். இப்போது அவர் சொன்ன காரணத்தைப் படிக்கிறேன். ரகசியத்தைக் காப்பதுதான் தடையின் நோக்கம் என்றால் அது தோற்றுவிட்டது, சரி. துன்புறுத்தலைத் தடுப்பதும் நோக்கம் என்றால் தோற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பெயரைச் சொன்னது, அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. நான் சிரித்த அதே விஷயத்தை அவர் எதிர்ப்பக்கச் சாட்சியாக எடுத்திருக்கிறார்.

ஈடியின் கதை இன்னும் வேடிக்கை. 2008-ல் மோட்டார் பந்தய அமைப்பின் தலைவர் மாக்ஸ் மோஸ்லியின் அந்தரங்க வீடியோவை நீக்கச் சொல்லி வழக்கு வந்தபோது, அது 14 லட்சம் முறை பார்க்கப்பட்டாயிற்று, கடலலையைத் தடுக்க நினைத்த கனூட் அரசன் வேடம் நீதிமன்றத்துக்கு வேண்டாம் என்று சொல்லி இடைக்காலத் தடையை மறுத்தவர் இதே ஈடிதான். பிறகு அதே ஆண்டு மோஸ்லிக்கு 60,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தார். மூன்று ஆண்டு கழித்து அவரே அலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனம் மாறினாரா என்றால், இல்லை என்று இப்போது தோன்றுகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டால் பார்த்ததுதான். பெயரை அறிந்ததோ வேறு மாதிரி. அதற்குப் பிறகும் தினமும் வாசலில் கேமராவோடு நிற்கலாம், நிற்காமலும் இருக்கலாம்.

பிப்ரவரி 12, இரவு 9.50

75,000 பேர் ட்விட்டரில் பெயரைச் சொன்னதாகத்தான் எங்கும் வரும். அது ஹெம்மிங் அவையில் சொன்ன எண். யாரும் உட்கார்ந்து எண்ணிய கணக்கு அல்ல.

பிப்ரவரி 15, இரவு 11.10

இந்த இழையில் இதுவரை நாம் யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார். கிக்ஸோடு உறவில் இருந்த அந்தப் பெண்.

ஏப்ரல் 14 அன்று சன் போட்ட செய்தியில் அவர் பெயரும் படமும் இருந்தன. அவருக்கு மறைப்பு கிடையாது. ஆணுக்கு மூன்று எழுத்து, பெண்ணுக்கு முழுப்பக்கப் படம். அதற்கு மேல், மே மாதம் வெளியான தீர்ப்பில், அவர் பணம் கேட்டு மிரட்டியிருக்கலாம் என்ற தொனியில் சில வரிகள். அவர் அழுதுகொண்டே நீதிமன்ற வாசலில் பேசினார். பதில் சொல்ல வேண்டுமானால் முழுக்கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் தடையை மீறியதாகும். 2011 டிசம்பரில்தான், மிரட்டல் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று எதிர்த்தரப்பே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி எங்கள் தளத்தில் உள்பக்கத்தில் நான்கு பத்தி. பின்னூட்டம் இரண்டோ மூன்றோ வந்திருக்கும். மே மாதம் அவரைப் பற்றி வந்தவற்றை நான் எண்ணவில்லை, நீக்கிக்கொண்டே இருந்தேன். உண்மையில் அவற்றை நீக்க எனக்கு உத்தரவே இல்லை. வாய் கூசும் வசவுகள். உத்தரவு இருந்தது கிக்ஸ் பெயருக்கு மட்டும்தானே! இந்தப் பெண்ணைப் பற்றி யார் என்ன எழுதினாலும் சட்டத்துக்குக் கவலையில்லை.

ஆகவே "பணக்காரர் வாங்கும் காகிதம்" என்ற உங்கள் வாதத்தை மாற்றிச் சொல்கிறேன். காகிதம் வேலை செய்யவில்லை என்பது என் குறை அல்ல. ஒரு பக்கத்துக்கு மட்டும் நன்றாகவே வேலை செய்தது என்பதுதான் குறை.

இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். அந்த ட்விட்டர் பட்டியலில் இம்ரான் கானின் முன்னாள் மனைவி ஜெமைமா கான் பெயரும் இருந்தது. அப்படி ஒரு தடையை நான் வாங்கவேயில்லை, சுத்தப் பொய் என்று அவர் கதறினார். பெயரை மறைத்தால் வெற்றிடம் உண்டாகிறது, அதில் யார் பெயரையும் போட்டு நிரப்பலாம். உண்மையான ஆள் வெளியே வந்து "அது நான்தான்" என்று சொல்லி மற்றவர்களைக் காப்பாற்றவா போகிறார்?

பிப்ரவரி 19, காலை 8.00

மறைக்கப் போய் இன்னும் பரவச் செய்யும் ஸ்ட்ரைசண்ட் விளைவு என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். தெரியும். 2003-ல் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட் தன் வீட்டுப் படத்துக்காக 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டபோது, அந்தப் படம் அதுவரை ஆறு முறைதான் இறக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டு அவருடைய வக்கீல்கள். பிறகு ஒரே மாதத்தில் 4,20,000 பேர் அந்தத் தளத்துக்குப் போனார்கள். நல்ல கதைதான்.

ஆனால் தோற்ற தடைகள்தானே நம் காதுக்கு வருகின்றன. பிபிசியின் ஆண்ட்ரூ மார் 2008-ல் ஒரு தடை வாங்கினார். 2011 ஏப்ரலில் அவரே வெளியே சொன்னார், செய்தியாளராக இருந்துகொண்டு இதை வாங்கியது சங்கடம் என்று. இடையில் மூன்று ஆண்டுகள் ஊருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. எதிர் உதாரணமும் உண்டு. கார் நிகழ்ச்சி நடத்தும் ஜெரமி கிளார்க்சன் 2011 அக்டோபரில் தன் தடையைத் தானே கைவிட்டு, இதெல்லாம் வீண் என்றார். இப்போதும் யார் பெயராவது எங்காவது அமைதியாக மறைந்திருக்கும். அதை உதாரணம் காட்டச் சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 21, இரவு 10.30

2016-ன் பி.ஜே.எஸ். வழக்கை ஒருவர் நினைவூட்டினார். இந்த இழையின் மையமே அதுதான், நான்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு பிரபலத்தின் படுக்கையறை விவகாரம். அவருக்கு வாழ்க்கைத் துணை உண்டு, சின்னக் குழந்தைகள் உண்டு. ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை கொடுத்தது. ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று பெயரோடு போட்டது, ஸ்காட்லாந்திலும் வந்தது, இணையமெங்கும் பரவியது. அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் இனி பயனில்லை என்று தடையை நீக்கப் பார்த்தது. மே 19 அன்று உச்ச நீதிமன்றம், முடியாது, தடை நிற்கட்டும் என்றது. தேடினால் கிடைக்கிறது என்பது வேறு, நாளை காலை நாட்டின் எல்லாக் கடைகளிலும் முதல் பக்கத்தில் தொங்குவது வேறு என்பதுதான் காரணத்தின் சாரம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து ஒரு நாள் இதையெல்லாம் படிப்பார்கள் என்பதையும் யோசித்தார்கள்.

படித்தபோது எனக்கு அம்பலும் அலரும் நினைவுக்கு வந்தன. தேர்வுக்காக நெட்டுருப் போட்ட வித்தியாசம். வாய்க்குள்ளேயே, மொட்டு போல, பெயர் விளங்காமல் முணுமுணுத்தால் அம்பல். இன்னாரோடு இன்னாருக்கு என்று விளங்கச் சொன்னால் அலர். அகப்பாடல்களில் தலைவி அம்பலோடு எப்படியோ நாள் கடத்திவிடுவாள். அலர் எழுந்ததும் வீட்டில் காவல் கூடும், தோழி பதறுவாள், கதை திரும்பும். ஊருக்குத் தெரியுமா தெரியாதா என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை, எவ்வளவு சத்தமாகத் தெரியும் என்று பார்த்தார்கள்.

ட்விட்டர் அம்பலா, அலரா என்று உடனே கேட்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது. 2011-ல் ட்விட்டரைத் தேடிப் போக வேண்டும். இப்போது கைப்பேசியே நாம் கேட்காததையும் கொண்டுவந்து காட்டுகிறது. பத்திரிகையின் முதல் பக்கம்தான் பெரிய சத்தம் என்ற கணக்கு இன்னும் எத்தனை நாள் செல்லும்?

பிப்ரவரி 22, காலை 6.50

விட்டுப்போனது: அந்தத் தீர்ப்பு ஒருமனதானது அல்ல, 4-1. மறுத்தவர் டூல்சன் பிரபு. பயன்தராத உத்தரவைப் போட்டு நீதிமன்றம் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. நம் இழையைத் தொடங்கிய நண்பரின் கட்சியும் அதுதான், உலைவாய் இல்லாமல்.

பிப்ரவரி 27, இரவு 9.40

கொஞ்சம் அதிகமாகவே தடைகளின் பக்கம் சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது. பிலிப் கிரீன் விவகாரத்தைப் படித்துவிட்டு வருகிறேன்.

2018 அக்டோபர். ஊழியர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரு பெரிய தொழிலதிபர் மேல் புகார்கள். பணம் கொடுத்து, வாய்திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு முடிக்கப்பட்டவை. டெலிகிராஃப் எழுத முயன்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. இரண்டு நாள் கழித்து பீட்டர் ஹெய்ன் பிரபுக்கள் அவையில் கிரீனின் பெயரைச் சொன்னார். சட்டவிரோதமாக எதுவும் செய்யவில்லை என்று கிரீன் மறுத்தார். சில மாதத்தில் வழக்கையும் கைவிட்டார்.

கால்பந்து வீரரின் படுக்கையறையும், முதலாளிக்கு எதிரான ஊழியர்களின் புகாரும் ஒன்றா? வாங்குகிற காகிதம் மட்டும் ஒரே கடையில். டிராஃபிகுராவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த இரண்டிலும் பெயரையோ செய்தியையோ உடைத்தவர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. கிக்ஸ் விஷயத்தில் ஹெம்மிங் செய்தது மட்டும் இப்போது உறுத்துகிறது. 2011-ல் கைதட்டினேன். யாருக்கு என்ன நன்மைக்காக அதைச் சொன்னார்?

மார்ச் 2, மதியம் 12.30

"மீறினால் தண்டனை உண்டா?" என்ற கேள்விக்கு: சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை. கிக்ஸ் பெயரைச் சொன்ன அந்தக் கூட்டத்தில் யாரும் சிறைக்குப் போகவில்லை. 2012 நவம்பரில், ஒரு பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் போட்ட ஒன்பது பேரை அந்தப் பெண்ணுக்குத் தலைக்கு 624 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். 2013-ல், வாழ்நாள் மறைப்பு பெற்ற இருவரின் படம் என்று சொல்லி எதையோ பதிவிட்ட இரண்டு பேருக்கு ஒன்பது மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்டது. ஆக, கூட்டம் சிறியதாக இருந்தால் பிடிக்கிறார்கள்.

பத்திரிகைகளே மாட்டிய கதை ஆஸ்திரேலியாவில் உண்டு. 2018 டிசம்பரில் ஒரு பாலியல் வழக்கில் கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் பெல் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அடுத்த விசாரணை கெடக் கூடாது என்று தீர்ப்பை வெளியிடத் தடை. வெளிநாட்டுத் தளங்கள் பெயரோடு போட்டன. உள்ளூர்ப் பத்திரிகைகள் பெயர் சொல்லாமல் "ஒரு பெரிய செய்தி, சொல்ல முடியவில்லை" என்று ஜாடை காட்டின. அந்த ஜாடைக்கு 2021-ல் எல்லாமாகச் சேர்த்து 11 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம். இதற்கிடையில் 2020-ல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பெல்லை விடுவித்தும்விட்டது. அந்தத் தடை அந்தரங்கத்துக்காகப் போட்டது அல்ல, விசாரணைக்காக. இன்னொரு நாள் பேசலாம்.

மார்ச் 5, இரவு 11.15

ஓர் அறிவிப்பு. அந்த 2016 மூன்றெழுத்துக்காரர் யார் என்று கேட்டு எனக்கு நான்கு தனிமடல் வந்திருக்கிறது. எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். நான் இருப்பது இங்கிலாந்தில், தடை என்னையும் சேர்த்துத்தான். அது இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை. ஒரு தேடலில் கிடைக்கும் பெயரை என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று நால்வருக்கும் பதில் எழுதினேன். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். நான்காமவர், "தேடினால் கிடைக்கிறது, ஆனால் யாராவது சொல்லிக் கேட்டால்தான் திருப்தி" என்றார்.

அவர்தான் பிப்ரவரி 8 அன்று இந்த இழையைத் தொடங்கியவர்.